கூட்ஸ் வண்டி போன பாதையில் உல்லாசப் பயணிகள்: சுரங்கத் துறைமுகம் கடற்கரை நகரமான கதை

(நமது பாலகாட் நிருபர்)

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலுக்குள் கால் நீட்டிப் படுத்ததுபோல் ஒரு மாவட்டம் இருக்கிறது. அதன் பெயர் கார்ன்வால். தங்கவயலில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கச் சுரங்கங்களின் நிர்வாகத்தை ஏற்றபிறகு, இங்கே வந்து இறங்கிய வெள்ளைக்காரச் சுரங்கக்காரர்களில் பலர் கார்ன்வால்காரர்களே. சுரங்கத்தை மேற்பார்ப்பவரைக் 'கேப்டன்' என்று அழைப்பது அவர்கள் ஊர் வழக்கம். மைசூர் சுரங்கத்தில் பொன் ரேகையைக் கண்டு, மூழ்க இருந்த கம்பெனியைக் கரையேற்றிய பிளம்மரையும் கேப்டன் பிளம்மர் என்றே சொல்வார்கள். அவர் கப்பல் ஓட்டியவர் அல்ல. பூமிக்கடியில் வழி கண்டவர்.

அந்தக் கார்ன்வாலின் வடகரையில் நியூக்கீ என்று ஓர் ஊர். வெள்ளை மணல், செங்குத்தான பாறைகள், கடலைப் பார்த்த ஓட்டல்கள், அலைமேல் பலகை வைத்துச் சறுக்கும் இளைஞர்கள் என்று இன்று இங்கிலாந்து முழுவதும் அறிந்த உல்லாசக் கடற்கரை அது. நிரந்தரமாகக் குடியிருப்போர் இருபதாயிரத்துச் சொச்சம் பேர்தான். கோடை வந்துவிட்டால் ஊரில் இருப்பவர்கள் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டும் என்கிறார்கள்.

ஆனால் இந்த ஊர் உல்லாசத்துக்காகக் கட்டப்பட்டதல்ல. மீனை நம்பி இருந்தது. பிறகு சுரங்கத்தை நம்பி வளர்ந்தது. இரண்டும் கைவிட்டபிறகு மூன்றாவது பிழைப்பைத் தேடிக்கொண்டது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கத்தின் கதவு மூடப்பட்டதிலிருந்து 'இனி என்ன?' என்று கேட்டுக்கொண்டிருக்கும் நம் ஊருக்கு அந்த ஊரின் வரலாறு தெரிந்திருப்பது நல்லது. அதில் பின்பற்ற வேண்டியதும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு.

மீன் வரும் திசை பார்த்த மனிதர்

'புதிய துறை' என்பதுதான் நியூக்கீ என்ற பெயரின் பொருள். 1439-இல் எக்ஸிட்டர் நகரத்துப் பிஷப் லேசி, இங்கே புதிதாக ஒரு படகுத்துறை கட்டுவதற்குப் பொருள் திரட்ட அனுமதி அளித்தார். அதிலிருந்து இந்தப் பெயர் நிலைத்தது. பில்சர்டு என்னும் மத்தி இன மீன்தான் அன்று ஊருக்குச் சோறு போட்டது.

கடலோரப் பாறை மேட்டில் வெள்ளையடித்த சிறிய கட்டடம் ஒன்று இன்றும் நிற்கிறது. மீன் கூட்டம் வருவதைக் கவனிக்க ஓர் ஆள் அங்கே நாள் முழுவதும் கடலைப் பார்த்தபடி இருப்பார். தண்ணீரின் நிறம் மாறுவதைக் கண்டதும் ஊர் கேட்கக் கூவுவார். படகுகள் புறப்படும். கரையிலிருந்து அவர் கைகாட்டும் திசையில் வலை விழும். அந்த ஒருவர் கண் தவறினால் ஊரே பட்டினி.

துறைமுகத்துக்கு வந்த தண்டவாளம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கார்ன்வால், செம்புக்கும் வெள்ளீயத்துக்கும் உலகப் புகழ் பெற்றிருந்தது. ஜோசப் டிரெஃப்ரி என்ற முதலாளி 1838-இல் நியூக்கீ துறைமுகத்தை விலைக்கு வாங்கினார். உள்நாட்டில் வெட்டிய தாதுவும் பீங்கான் களிமண்ணும் இங்கிருந்து கப்பலேறவேண்டும். சுரங்க இன்ஜின்களுக்கு வேண்டிய நிலக்கரி இங்கே வந்து இறங்கவேண்டும். இதுவே அவர் திட்டம். 1849-இல் குதிரைகள் இழுக்கும் வண்டிகளுக்காகத் தண்டவாளம் போடப்பட்டது.

ஊர் இருப்பது உயரத்தில். துறைமுகம் இருப்பது பாறைக்குக் கீழே. ஆகவே பாறையைக் குடைந்து செங்குத்தாகச் சரியும் ஒரு குகைப்பாதை அமைத்தார்கள். நாலரை அடிக்கு ஓர் அடி இறக்கம். இந்தச் சரிவில் குதிரை நிற்காது. மேலே நிலையாக நிறுத்திய ஒரு இன்ஜின், கயிற்றில் கட்டிய வண்டிகளை இறக்கியது, ஏற்றியது. நம் ஊர் வைண்டிங் இன்ஜின் கேஜை இறக்கி ஏற்றியதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

ஒரே மழையில் 39 உயிர்

நியூக்கீயிலிருந்து சில மைல் தூரத்தில் ஈஸ்ட் வீல் ரோஸ் என்ற ஈயச் சுரங்கம் இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் வேலை செய்தார்கள். 1846 ஜூலை 9-ஆம் தேதி அந்தப் பள்ளத்தாக்கில் இடியும் மின்னலுமாகப் பேய்மழை கொட்டியது. நாலாபக்கத்து மலைச்சரிவுகளிலிருந்தும் வெள்ளம் திரண்டு வந்து சுரங்க வாய்களுக்குள் பாய்ந்தது. மேலே இருந்தவர்கள் மண்ணை அணைகட்டித் தடுக்கப் பார்த்தும் பயனில்லை. பெரியவர்களும் சிறுவர்களுமாக 39 பேர் வெளியே வரவில்லை.

பாறை வெடித்துச் சுரங்கத்துக்குள் போனவர்கள் திரும்பாத நாட்களை நம் ஊரும் பலமுறை கண்டிருக்கிறது. சங்கு ஊதினால் வீட்டு வாசலுக்கு ஓடிவரும் பெண்களின் முகம் கார்ன்வாலில் ஒன்று, சாம்பியன் ரீப்பில் ஒன்று என்று இருக்க முடியாது.

சுரங்கம் படுத்தது, ஆள் கப்பலேறினார்

1866-இல் செம்பின் விலை சரிந்தது. பல சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடின. 1870-களில் வெள்ளீயத்துக்கும் அதே கதி வந்தது. வேலையிழந்த கார்ன்வால்காரர் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா என்று லட்சக்கணக்கில் வெளியேறினார்கள். அப்படி வெளியேறியவர்களில் ஒரு சிறு பிரிவுதான் கோலார் தங்கவயலுக்கு வந்தது. உலகத்தில் எங்கே ஒரு குழி தோண்டியிருந்தாலும் அதன் அடியில் ஒரு கார்ன்வால்காரன் இருப்பான் என்று சொல்வது வழக்கமாயிற்று. ஓர் ஆள் வேலைக்குச் சேர்ந்ததும், 'ஊரில் என் தம்பிமுறை ஜாக் ஒருவன் இருக்கிறான், அவனுக்கும் ஒரு வேலை கொடுங்கள்' என்று கேட்பானாம். அதனால் 'கசின் ஜாக்' என்பதே அவர்களுக்குப் பட்டப்பெயராயிற்று.

வடஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்தும் பஞ்சம் பிழைக்க நம் பாட்டன்மார் தங்கவயலுக்கு வந்ததும் இதே வழியில்தான். ஒருவர் வந்தார், மைத்துனரை வரவழைத்தார், அவர் தம் ஊர்க்காரரை வரவழைத்தார். இரண்டு கூட்டமும் ஒரே சாஃப்ட்டில் இறங்கின. ஆனால் மேலே ஏறியபின் ஒருவர் பங்களாவுக்குப் போனார். மற்றவர் தட்டிக் குடிசைக்குப் போனார். பசிக்கு ஊரைவிட்டு வந்ததில் இருந்த ஒற்றுமை, கூலியிலும் கூரையிலும் இல்லை.

1876 ஜூன் 20

மீண்டும் நியூக்கீக்கு வருவோம். 1874-இல் பழைய குதிரைப் பாதை, நீராவி இன்ஜின் ஓடும் முறையான ரயில் பாதையாக்கப்பட்டது. அதை எடுத்து நடத்திய கம்பெனியின் பெயரே 'கார்ன்வால் தாதுப்பொருள் ரயில்வே'. களிமண்ணும் தாதுவும் ஏற்றுவதே அதன் நோக்கம். ஆனால் தாது வருமானம் எதிர்பார்த்த அளவு இல்லை. 1876 ஜூன் 20-ஆம் தேதி அதே பாதையில் பாசஞ்சர் வண்டி விடப்பட்டது.

ஊரின் தலையெழுத்து மாறியது அந்த நாளில்தான். தென்கரையில் உள்ள பார் ஜங்ஷனிலிருந்து நியூக்கீக்குச் சுமார் 33 கிலோமீட்டர். லண்டனிலிருந்து வருபவர் பாரில் இறங்கி வண்டி மாறினால் போதும், கடற்கரை வந்துவிடும். 1879-இல் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே 'கிரேட் வெஸ்டர்ன்' ஓட்டல் எழுந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் பாறை மேடுகளின்மேல் பெரிய ஓட்டல்கள் வரிசையாக வந்தன. 1899-இல் கட்டிய விக்டோரியா ஓட்டலில், விருந்தினர் அறையிலிருந்து நேராக மணலுக்கு இறங்கப் பாறையைக் குடைந்து லிஃப்ட் வைத்தார்கள். குடைந்து இறங்கும் வித்தையில் கார்ன்வால்காரருக்குச் சொல்லித் தரவா வேண்டும்? தாதுவுக்காகக் கற்ற கைத்தொழில் குளிக்க வருபவருக்குப் பயன்பட்டது.

ஓட்டலை எதிர்த்துக் கலகம்

வளர்ச்சி என்ற பெயரில் வந்த எல்லாவற்றையும் ஊர்மக்கள் மாலை போட்டு வரவேற்றதாக எண்ணவேண்டாம். ஊருக்கு மேற்கே கடலுக்குள் நீண்ட பாறைமுனையில், மீனவர்கள் காலங்காலமாக வலை உலர்த்தி வந்தார்கள். குடியானவர்கள் கால்நடை மேய்த்தார்கள். அந்த இடத்தில் 'ஹெட்லேண்ட்' என்ற மாபெரும் ஓட்டல் கட்ட சில்வானஸ் டிரெவெய்ல் என்ற கட்டடக் கலைஞர் முன்வந்தார். அவரும் கார்ன்வால்காரர்தான்.

1897-இல் ஊர் திரண்டது. கட்டட வேலைக்குப் போட்டிருந்த கொட்டகையை இடித்து, பாறை விளிம்பிலிருந்து கடல் பக்கம் தள்ளினார்கள். டிரெவெய்ல் மீது முட்டைகள் பறந்தன. ஆனாலும் வேலை நிற்கவில்லை. வெளியூர் ஆட்களைக் கொண்டு கட்டி முடித்து 1900-இல் ஓட்டல் திறக்கப்பட்டது. இன்றும் அந்தச் செங்கல் மாளிகை கம்பீரமாக நிற்கிறது. வலை உலர்த்திய மீனவர்தான் அங்கே இல்லை.

கூலிக்காரருக்கும் கடற்கரை

ஆங்கிலேயருக்குக் கடற்கரை மோகம் எப்படி வந்தது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். முதலில் அது பணக்காரர் வைத்தியமாகவே இருந்தது. 1750-இல் ரிச்சர்டு ரஸ்ஸல் என்ற டாக்டர், கடல்நீரில் குளிப்பதும் அதைக் குடிப்பதும் நோய்க்கு நல்லது என்று எழுதினார். பிரைட்டன் என்ற மீனவர் ஊர் சீமான்களின் ஊராயிற்று. பாட்னாவில் பிறந்த தீன் முகம்மது என்ற இந்தியர் அந்த ஊரில் ஆவிக் குளியலும் எண்ணெய் தேய்ப்பும் நடத்தி, அரச குடும்பத்துக்கே பணி செய்து புகழ்பெற்றார் என்பது நமக்குப் பெருமை.

1841-இல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயில் வந்தது. சீமான்களுக்குப் பின்னால் குமாஸ்தாக்கள் வந்தார்கள். குமாஸ்தாக்களுக்குப் பின்னால் ஆலைத் தொழிலாளர்கள் வந்தார்கள். 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. 1938-இல் சம்பளத்தோடு விடுமுறை என்ற சட்டம் வந்தது. தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகள் கேட்டு வாங்கிய சட்டம் இது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் கோடைகாலச் சனிக்கிழமைகளில் நியூக்கீக்கு ரயில்கள் நிரம்பி வழிந்தன. தாது வண்டிக்குப் போட்ட ஒற்றைத் தண்டவாளம், லண்டனிலிருந்தும் பர்மிங்காமிலிருந்தும் குழந்தை குட்டிகளோடு வந்த குடும்பங்களைச் சுமந்தது.

ரயில் கொண்டுவந்த ஊருக்கு ரயிலாலேயே நெருக்கடியும் வந்தது. மோட்டார் கார் பெருகியது. கிளைப் பாதைகளை மூடும் காலம் தொடங்கியது. நியூக்கீக்கு மேற்கிலிருந்து வந்த இன்னொரு கிளைப்பாதை 1963 பிப்ரவரியில் மூடப்பட்டது. பார் பாதை மட்டும் தப்பிப் பிழைத்தது. அதே சமயத்தில் ஸ்பெயின் நாட்டு வெயிலுக்கு விமானத்தில் மலிவாகப் போகும் வசதி வந்து, ஆங்கிலக் கடற்கரை ஊர்கள் பலவும் களையிழந்தன. நியூக்கீயைக் காப்பாற்றியது அதன் முரட்டு அலை. 1962-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த உயிர்காப்பு வீரர்கள் சிலர் புதுவகை அலைச்சறுக்குப் பலகைகளைக் கொண்டுவந்தார்கள். ஃபிஸ்ட்ரல் என்ற கடற்கரை அந்த விளையாட்டுக்குப் பெயர்பெற்றது. குளிப்பவர் அஞ்சிய அலையே புதிய மூலதனமாயிற்று.

39 பேர் மாண்ட ஈஸ்ட் வீல் ரோஸ் என்ன ஆயிற்று? பழைய ரயில் பாதையின் ஒரு பகுதியில் 1974-இல் குழந்தைகளுக்கான சின்ன ரயில் விட்டார்கள். பள்ளத்தாக்கு வழியாக அது போய் நிற்கும் இடத்தில், சுரங்கத்தின் இன்ஜின் கட்டடம் உயர்ந்த புகைபோக்கியோடு அப்படியே நிற்கிறது. சுரங்கத்தொழிலாளி மதிய உணவுக்கு எடுத்துப்போன, மாவுக்குள் இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுட்ட 'பாஸ்டி'யை இன்று சுற்றுலாக்காரர் வரிசையில் நின்று வாங்கித் தின்கிறார்கள். கார்ன்வாலில் செய்தால்தான் 'கார்னிஷ் பாஸ்டி' என்று பெயரிட்டு விற்கலாம் என்று 2011-இல் ஐரோப்பியச் சட்டப் பாதுகாப்பும் பெற்றுவிட்டார்கள்.

பளபளப்புக்குப் பின்னால்

இவ்வளவும் கேட்டு, 'சுரங்கம் போனால் என்ன, சுற்றுலா வந்தால் சொர்க்கம்' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கார்ன்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கமான சவுத் கிராஃப்டி 1998 மார்ச்சில் மூடப்பட்டது. லட்சக்கணக்கான சுற்றுலாக்காரர்கள் வந்துபோகும் அதே மாவட்டம், ஐரோப்பாவின் மிக ஏழைப் பகுதிகளில் ஒன்று என்று கணக்கிடப்பட்டு 2000-ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய யூனியனின் தனி உதவி நிதி பெற்றது. ஓட்டல் வேலை கோடையில் உண்டு, மாரியில் இல்லை. சுரங்கத்தில் கிடைத்த கூலி பரிமாறும் வேலையில் கிடைக்காது.

இதைவிடப் பெரிய தொல்லை வீடு. ஆண்டுக்கு நாலு வாரம் வந்து தங்கும் லண்டன் பணக்காரர்கள் கடலோர வீடுகளை வாங்கிக் குவித்தார்கள். விலை ஏறியது. அங்கேயே பிறந்த மீனவர் மகனும் பணிப்பெண்ணும் குடியிருக்க வீடில்லாமல் ஊருக்கு வெளியே போனார்கள். பக்கத்துக் கடற்கரை ஊரான செயின்ட் ஐவ்ஸில் 2016 மே மாதம் ஊர்மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. 'இனிக் கட்டும் புது வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கு மட்டுமே' என்ற விதிக்கு வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 83 பேர் ஆதரவு தெரிவித்தார்கள். 1897-இல் வலை உலர்த்தும் இடத்துக்காக நடந்த சண்டை, வேறு வடிவில் இன்னும் ஓயவில்லை.

நம் கையில் இருப்பது என்ன?

தங்கவயலுக்குக் கடல் இல்லை. அதனால் நியூக்கீயைப் பார்த்து அப்படியே நடக்க முடியாது. ஆனால் நம்மிடம் இருப்பதும் குறைந்ததல்ல.

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்கு 1894-இல் போட்ட பத்து மைல் ரயில் பாதையும் சுரங்கத்துக்காகப் போட்டதுதான். இயந்திரமும் கரியும் ஏற்றி வந்த அந்தப் பாதையில் இன்று ஏறுவது மனிதர்கள். விடியுமுன்னே மாரிகுப்பத்திலும் உரிகத்திலும் சாம்பியனிலும் கோரமண்டலிலும் டிபன் பாக்ஸோடு ஏறி, பெங்களூரில் வேலை பார்த்து, இரவு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களின் சம்பளத்தில்தான் தங்கவயலில் பல வீடுகளின் அடுப்பு எரிகிறது. நியூக்கீக்கு ரயில் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தது. நமக்கு ரயில் ஆட்களைக் கொண்டுபோய், மாதச் சம்பளத்தைக் கொண்டுவருகிறது. திசைதான் வேறு.

பார்க்க வருபவருக்குக் காட்ட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 92 மைல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தது தங்கவயலுக்குத்தான். பெங்களூர் வீதிக்கு விளக்கு வந்தது அதற்குப் பின்னர். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போன சாம்பியன் ரீப் ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. 1965-இல் அதன் ஆழத்தில்தான் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளும் சேர்ந்து, வானவெளிக் கதிர்களிலிருந்து பிறக்கும் நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள். தங்கவயலை ஒட்டிய பெத்தபள்ளியில் உள்ள பழங்கால எரிமலைப் பாறைகளை, இந்தியப் புவியியல் துறை தேசியப் புவியியல் சின்னம் என்று அறிவித்திருக்கிறது. நம்மூர்ப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் போய்ப் பார்த்திருப்பார்கள்?

கார்ன்வாலின் இன்ஜின் கட்டடங்களும் பழைய சுரங்கப் பகுதிகளும் 2006-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. 1990-இல் மூடப்பட்ட கீவர் சுரங்கம் அருங்காட்சியகம் ஆகிவிட்டது. அதே கார்ன்வால்காரர் வேலை செய்த தங்கவயலில், சாஃப்ட் கோபுரங்கள் துருப்பிடிக்கின்றன. பழைய இயந்திரம் இரும்பு விலைக்குப் போய்விடுமோ என்று ஊரார் அஞ்சுகிறார்கள். காற்றடித்தால் சயனைடு மேட்டுத் தூசி வீடுகளுக்குள் வந்து படிகிறது. விருந்தாளியை அழைப்பதற்குமுன் செய்யவேண்டிய முதல் காரியம் இந்தத் தூசியை அடக்குவது.

அடுத்தது வீடு. சுரங்க லைன்களில் மூன்று, நான்கு தலைமுறையாக இருப்பவர்கள் தங்கள் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் கேட்டு வருகிறார்கள். சுற்றுலாவோ தொழிற்பேட்டையோ, எது வந்தாலும் வரட்டும். அதற்குமுன் குடியிருப்பவர் கையில் பத்திரம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நிலத்தின் விலை ஏறும் நாளில் ஏழைக்கு இடமிருக்காது. செயின்ட் ஐவ்ஸ்காரர்கள் எல்லாம் கைமீறியபின் வாக்குப்பெட்டிக்குப் போனார்கள். நாம் முன்கூட்டியே கேட்கலாம்.

மூன்றாவது, நம்முடைய கதையை நாமே சொல்லவேண்டும். 'குட்டி இங்கிலாந்து' என்று பங்களாக்களையும் கிளப்பையும் கோல்ப் மைதானத்தையும் மட்டும் காட்டினால் தங்கவயலின் பாதி வரலாறு கூடத் தேறாது. கேஜில் இறங்கிய தமிழ்த் தொழிலாளியின் பெயர், அவர் பிடித்த கருவி, அவர் இருந்த குடிசை, அவர் நடத்திய போராட்டம் எல்லாம் அந்த வரலாற்றில் இடம்பெறவேண்டும். சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க அரசாங்கம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஊர்ச் சங்கங்களும் படிப்பகங்களும் நினைத்தால், ஞாயிறு தோறும் ஒரு பெரியவர் என்று இந்த மாதமே தொடங்கிவிடலாம்.